வண்டி நிற்கும்போது சாக்கெட் சத்தமில்லாமல் சாகிறது, எக்செப்ஷன் வருவதில்லை (மொபைல் டேட்டாவில் மட்டும்)

வண்டி_ஆப் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டிரைவர்களுக்கான ஆண்ட்ராய்டு ஆப். ஜாவாவின் சாதாரண சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை), அதன் மேல் டிஎல்எஸ் (குறியாக்கம்). சர்வர் லினக்ஸில் நெட்டி (ஜாவா நெட்வொர்க் லைப்ரரி). நடுவில் ப்ராக்ஸியோ லோட் பேலன்சரோ இல்லை. டிஎன்எஸ்ஸில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரியும் கொடுத்திருக்கிறோம். மெசேஜ் அமைப்பு எளிது: முதலில் 4 பைட் நீளம், பிறகு ஜேசன்.

வண்டி ஓடும்போது 15 விநாடிக்கு ஒரு முறை லொகேஷன் போகும். அப்போது நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. வண்டி நின்றுவிட்டால் ஆப் எதுவும் அனுப்பாது, ஏனென்றால் 50 மீட்டர் நகர்ந்தால்தான் அனுப்பும்படி வைத்திருக்கிறோம். 20, 30 நிமிடம் நின்ற வண்டிக்குப் புது டிரிப் அனுப்பினால் போனுக்கு வருவதே இல்லை. சர்வர் லாகில் 14:02:11க்கு ரைட் (எழுதுதல்) வெற்றி என்று பதிவாகிறது. அதே கனெக்‌ஷனில் 14:18:03க்குத்தான் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' வருகிறது. அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டால், போனிலிருந்து லொகேஷன் ரைட்டும் வெற்றி என்றே சொல்கிறது. அடுத்த நொடி ரீட் த்ரெட்டில் 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்து, ஆப் மறுபடி இணைகிறது. டிரிப் மட்டும் காணாமல் போகிறது.

செய்து பார்த்தவை: இரண்டு பக்கமும் கீப்அலைவை (சும்மா இருக்கும் இணைப்பைச் சோதிக்கும் டிசிபி வசதி) ஆன் செய்தேன், மாற்றம் இல்லை. போனில் ரீட் டைம்அவுட் 30 விநாடி வைத்து, டைம்அவுட் வந்தால் பிடித்துக்கொண்டு மறுபடி ரீட் செய்யும்படி எழுதினேன். அதில் புதுத் தலைவலி: எப்போதாவது ஒரு முறை மெசேஜ் நீளம் தாறுமாறாக வருகிறது. ஒரு முறை லாகில் 19692322 என்று இருந்தது. சர்வர் அனுப்பியது வெறும் 300 பைட்.

ஆபீஸ் வைஃபையில் 2 மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தும் டிரிப் உடனே வருகிறது. எங்கே தேடுவது?

பாக்கெட்_மோப்பம் பதில்:

லாகிலேயே பாதி விடை இருக்கிறது. 14:02:11க்கும் 14:18:03க்கும் இடையே 15 நிமிடம் 52 விநாடி. லினக்ஸில் டிசிபி ரீட்ரைஸ்2 (எத்தனை முறை திரும்ப அனுப்புவது) என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 15. ஒப்புகை வராத பாக்கெட்டை கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) இடைவெளியை இரட்டித்து இரட்டித்துத் திரும்ப அனுப்பும். இடைவெளி 120 விநாடியைத் தொட்டதும் அதற்கு மேல் ஏறாது. இந்தக் கணக்கில் குறைந்தது 924 விநாடி போன பிறகு, அடுத்து வரும் டைமரில்தான் கெர்னல் கைவிடும். 924 விநாடி என்பது 15 நிமிடம் 24 விநாடி. உங்கள் எண் அதற்குச் சற்று மேலே நிற்கிறது. ஆக, சர்வர் கால்மணி நேரமாக அந்த டிரிப்பை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை. 'ரைட் வெற்றி' என்பதற்கு கெர்னலின் சென்ட் பஃபரில் ஏறிவிட்டது என்று மட்டுமே அர்த்தம். போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

பாக்கெட் எங்கே விழுகிறது? மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி4 பெரும்பாலும் ஆபரேட்டரின் பெரிய நேட் (முகவரி மாற்றும்) பெட்டி வழியாகத்தான் வெளியே வரும். போனின் உள்முகவரியும் போர்ட்டும் வெளியே எந்த முகவரி, எந்த போர்ட் என்ற வரி அந்தப் பெட்டியின் அட்டவணையில் இருக்கும். கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும். அழித்ததை இரண்டு முனைக்கும் சொல்லாது. நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் அழிக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 5382 (இணையத் தர ஆவணம்) சொல்கிறது. பல லட்சம் போன்கள் ஒரே பெட்டியில் நெருக்கும்போது அந்த விதியைப் பலர் மதிப்பதில்லை, சில நிமிடங்களிலேயே அழிக்கும் நெட்வொர்க்குகள் உண்டு. ஐபிவி6ல் நேட் இல்லை, அதனால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே ஸ்டேட்ஃபுல் (இணைப்புகளை நினைவில் வைக்கும்) ஃபயர்வால் இதே வேலையைச் செய்யும்.

வரி அழிந்த பிறகு சர்வரிலிருந்து வருவது பெட்டியின் வாசலிலேயே சத்தமில்லாமல் விழும். போனிலிருந்து போவது வேறு விதம். சில பெட்டிகள் தாங்களே ரீசெட் அனுப்பும். சில, புது வெளிப்போர்ட் ஒன்றைக் கொடுத்து பாக்கெட்டை வெளியே விடும். சர்வருக்கு அந்த போர்ட்டிலிருந்து இணைப்பே இல்லை, எனவே சர்வர் ரீசெட் அனுப்பும். வண்டி கிளம்பியதும் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டில் ஒன்று. எது என்று தெரிய வேண்டுமானால் சர்வரில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டுங்கள். ரீசெட் உங்கள் சர்வரிலிருந்து கிளம்புகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆபீஸ் வைஃபையிலும் நேட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். லினக்ஸின் கான்ட்ராக்கில் (இணைப்புகளைக் கண்காணிக்கும் அட்டவணை) நிலைபெற்ற டிசிபிக்கான இயல்பு ஆயுள் 432000 விநாடி, அதாவது 5 நாள். நிறைய ரவுட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ்தான்.

கீப்அலைவ் ஏன் உதவவில்லை என்பதும் எண்ணில்தான் இருக்கிறது. ஆன் செய்தால் மட்டும் போதாது. முதல் சோதனைப் பாக்கெட் போவதே 7200 விநாடி சும்மா இருந்த பிறகு. அப்புறம் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. உங்கள் வரி அழிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து கீப்அலைவ் கதவைத் தட்டி என்ன பயன்? இந்த எண்களை சாக்கெட் வாரியாகக் குறைக்கலாம். சர்வரில் ஜாவா 11 முதல் அதற்கான சாக்கெட் ஆப்ஷன்கள் இருக்கின்றன. அப்படிக் குறைத்தாலும் ஒரு ஓட்டை பாக்கி: ஒப்புகை வராத டேட்டா பஃபரில் கிடக்கும்போது கீப்அலைவ் ஓடவே ஓடாது, மறுஅனுப்பும் டைமர்தான் ஓடும். அதற்குத் தனியாக டிசிபி யூசர் டைம்அவுட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. மதிப்பு மில்லிவிநாடியில். சர்வரில் 30000 வையுங்கள். நெட்டியின் எப்போல் டிரான்ஸ்போர்ட்டில் நேரடியாகவே வைக்கலாம். 15 நிமிடம் 30 விநாடியாகச் சுருங்கும்.

அதோடு நிறுத்தாதீர்கள், ஆப் மட்டத்தில் ஹார்ட்பீட் (அவ்வப்போது போகும் 'இருக்கிறேன்' மெசேஜ்) வேண்டும். கீப்அலைவுக்கு பதில் சொல்வது மறுமுனையின் கெர்னல். உங்கள் ரீட் த்ரெட் எங்கோ லாக்கில் மாட்டித் தூங்கினாலும் கெர்னல் 'இருக்கிறேன்' என்று சொல்லும்.

19692322 பற்றி: அது நெட்வொர்க் கோளாறு இல்லை, உங்கள் கோட். 300ஐ 4 பைட்டில் எழுதினால் 0, 0, 1, 44. ஜேசன் தொடங்குவது நெளிவு அடைப்புக்குறி, அடுத்து இரட்டை மேற்கோள். அவற்றின் எண்கள் 123, 34. முதல் இரண்டு பைட்டைத் தொலைத்துவிட்டு அடுத்த நான்கை எண்ணாகப் படியுங்கள்: 1, 44, 123, 34. 256ன் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 19692322 வரும். நீளத்தின் 2 பைட் வந்த நேரத்தில் உங்கள் 30 விநாடி முடிந்து டைம்அவுட் அடித்திருக்கிறது. ரீட்இன்ட் (4 பைட் எண்ணைப் படிக்கும் ஜாவா மெத்தட்) அதுவரை வாங்கிய 2 பைட்டைத் தூக்கியெறிந்துவிட்டது, நீங்கள் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டிருக்கிறீர்கள். டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்ஃபுல்லிக்கும் இதே குணம். டைம்அவுட் வந்த ஸ்ட்ரீமில் தொடர்ந்து படிக்காதீர்கள், மூடிவிட்டுப் புதிதாக இணையுங்கள். இல்லையென்றால் ரீட் டைம்அவுட்டை 0 (வரம்பில்லை) ஆக்கிவிட்டு, நேரம் பார்ப்பதை வேறு த்ரெட்டிடம் விடுங்கள். அந்த த்ரெட் சாக்கெட்டை மூடினால், ரீட்டில் தொங்கிக்கொண்டிருப்பது 'சாக்கெட் குளோஸ்டு' என்று உடனே விழித்துக்கொள்ளும். த்ரெட் இன்டரப்ட்டை நம்ப வேண்டாம். இந்த சாக்கெட் ரீட் அதற்கு அசையாது.

நீளத்துக்கு உச்சவரம்பும் வையுங்கள். 64 கேபிக்கு மேல் வந்தால் இணைப்பை வெட்டு. இன்று 19 எம்பிக்கு அரே ஒதுக்கினீர்கள், நாளைக்கு 1.5 ஜிபி கேட்கும்.

மேல்_அடுக்கு பதில்:

எதுக்குங்க சொந்த புரோட்டோகால்? இதையெல்லாம் எம்க்யூடிடிங்கிற மெசேஜ் புரோட்டோகால்ல எப்பவோ யோசிச்சு முடிச்சாச்சு. பிங் வெறும் 2 பைட். கீப்அலைவ் நேரத்துல ஒன்றரை மடங்கு வரைக்கும் சத்தமே வரலைன்னா சர்வர் வெட்டணும்னு ஸ்பெக்லயே இருக்கு. க்யூஓஎஸ் 1 (ஒரு முறையாவது போய்ச் சேரணும்ங்கிற நிலை) போட்டா மறுஅனுப்புதலும் வந்துடும். ரெண்டு பக்கமும் லைப்ரரி ரெடியா கிடைக்குது.

சர்வர்_பக்கம் பதில்:

புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதையே சொல்வேன். இவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஆப் இருக்கிறது, போன்களில் பழைய வெர்ஷன் இருக்கும், ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. தவிர, எம்க்யூடிடி போட்டாலும் நேட் பெட்டி அதே பெட்டிதான். கீப்அலைவை 20 நிமிடம் என்று வைத்தால் இதே புகாரோடு இங்கேயே வந்து நிற்பார்கள்.

வண்டி_ஆப், சர்வரில் நான்கு வேலை இருக்கிறது. யூசர் டைம்அவுட்டை மேலே சொல்லிவிட்டார்.

ஹார்ட்பீட் எத்தனை கச்சிதமாக வைத்தாலும் பாக்கெட் விழுவதற்கும் நீங்கள் கண்டுபிடிப்பதற்கும் இடையே ஒரு சந்து இருந்தே தீரும். அந்தச் சந்தில் அனுப்பிய டிரிப் தொலையும். எனவே ஒவ்வொரு டிரிப்புக்கும் ஓர் எண். போன் அதைத் தன் டேட்டாபேஸில் எழுதிய பிறகு அந்த எண்ணோடு ஒப்புகை அனுப்ப வேண்டும். எழுதும் முன்பே ஒப்புகை அனுப்பினால், ஆப் நடுவில் செத்தால் கதை முடிந்தது. ஒப்புகை வரும்வரை சர்வர் அதை வரிசையில் வைத்திருந்து, போன் மறுபடி இணைந்ததும் முதலில் அதை அனுப்பட்டும். ஒப்புகை வழியில் தொலைந்தால் ஒரே டிரிப் இரண்டு முறை போகும், எனவே போனில் எண்ணைப் பார்த்து இரண்டாவதைக் கழித்துவிட்டு, ஒப்புகையை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும்.

அடுத்தது, நெட்டியில் எழுதுகிறவர்கள் வழக்கமாக மாட்டும் இடம். வண்டி எண்ணுக்கு எந்த சேனல் (நெட்டியில் ஓர் இணைப்பு) என்று ஒரு மேப் வைத்திருப்பீர்கள். போன் மறுபடி இணைந்ததும் புது சேனல் மேப்பில் ஏறும். பழைய சேனல் செத்தது சர்வருக்கு இன்னும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பழையதற்கு டைம்அவுட் வரும், சேனல் இன்ஆக்டிவ் ஓடும், அதில் 'மேப்பிலிருந்து இந்த வண்டியை நீக்கு' என்று எழுதியிருப்பீர்கள். நீங்குவது புது சேனல்! போன் நன்றாக இணைந்திருக்கும், சர்வர் 'வண்டி ஆஃப்லைன்' என்று சொல்லும். கன்கரன்ட்ஹேஷ்மேப்பில் சாவியை மட்டும் கொடுக்கும் ரிமூவை விட்டுவிட்டு, சாவியும் மதிப்பும் இரண்டும் கொடுக்கும் ரிமூவைக் கூப்பிடுங்கள். மேப்பில் இருப்பது இதே சேனல் என்றால் மட்டும்தான் நீக்கும். புது இணைப்பு உள்ளே வந்ததும் பழைய சேனலை நீங்களே மூடிவிடுவதும் நல்லது.

நெட்டியின் ஐடில்ஸ்டேட்ஹேண்ட்லரில் ரீடர் ஐடிலை (உள்ளே எதுவும் வராத நேரம்) மட்டும் பயன்படுத்துங்கள், ஹார்ட்பீட் இடைவெளியின் ஒன்றரை மடங்கு. ரைட்டர் ஐடில், ஆல் ஐடில் இரண்டும் இந்த வேலைக்கு உதவாது. நீங்கள் அனுப்பியது உயிரோடு இருப்பதற்குச் சாட்சி ஆகாது, அங்கிருந்து ஒரு பைட்டாவது வந்தால்தான் சாட்சி.

கடைசியாக, மறுஇணைப்பு. சர்வரை ரீஸ்டார்ட் செய்த நொடியில் எல்லாப் போனும் ஒன்றாக வந்து டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் கேட்கும். சிபியு முட்டி, ஹேண்ட்ஷேக் தாமதமாகி, போன்கள் டைம்அவுட் ஆகி, மறுபடி வரும். போனில் காத்திருப்பின் உச்சத்தை 1, 2, 4, 8 என்று 60 விநாடி வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 0க்கும் அந்த உச்சத்துக்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணை ரேண்டமாக எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்கட்டும். இணைந்த உடனே எண்ணை 1க்குத் திருப்பாதீர்கள், லாகின் முடிந்து முதல் பதில் வந்த பிறகு திருப்புங்கள். கனெக்ட்டுக்கும் டைம்அவுட் கொடுங்கள், 10 விநாடி போதும். கொடுக்காவிட்டால் லினக்ஸ் 6 முறை முயன்று 127 விநாடி கழித்துத்தான் திரும்பும்.

பின்னால் லோட் பேலன்சர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் தனி ஐடில் நேரம் உண்டு. அஸூரில் இயல்புநிலை 4 நிமிடம், அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் 350 விநாடி, என்ஜின்எக்ஸ் ஸ்ட்ரீமில் 10 நிமிடம். உங்கள் ஹார்ட்பீட் இவற்றில் மிகச் சிறியதற்கும் கீழே இருக்க வேண்டும்.

கைபேசி_உள்ளே பதில்:

போன் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஹார்ட்பீட் என்றதும் 30 விநாடி என்று வைத்துவிடுவார்கள். போவது நூறு பைட் சொச்சம்தான், டேட்டா செலவு ஒன்றுமில்லை. பேட்டரிதான் போகும். எல்டிஇயில் (4ஜி) ஒரு பாக்கெட் போய்வந்த பிறகும் ரேடியோ உடனே அணையாது, அடுத்தது வருமோ என்று சுமார் 10 விநாடி விழித்திருக்கும். அந்த நேரத்தை நெட்வொர்க் முடிவு செய்கிறது, ஆப்பால் மாற்ற முடியாது. 30 விநாடிக்கு ஒரு பிங் என்றால் நாளில் மூன்றில் ஒரு பங்கு ரேடியோ விழிப்பு. 4 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 24ல் ஒரு பங்கு. எனவே 4 நிமிடத்தில் தொடங்குங்கள். உங்கள் டிரைவர்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு சிம்மிலும் ஒரு சோதனை செய்யலாம்: 2, 4, 8, 16 நிமிடம் சும்மா விட்டு, சர்வரிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்புங்கள். எதில் வரவில்லையோ அதற்கும் முந்தையதற்கும் நடுவில் உங்கள் எல்லை.

வண்டி ஓடும்போது 15 விநாடிக்கு லொகேஷன் போகிறதே, அப்போது பிங் தேவையே இல்லை. ஆனால் லொகேஷனுக்கு சர்வர் ஒன்றும் பதில் சொல்வதில்லை என்றால் போனுக்கு இணைப்பு உயிரோடு இருப்பது தெரியாது. நான்கு லொகேஷனுக்கு ஒரு முறை சர்வர் ஒரு சின்ன ஒப்புகை அனுப்பட்டும்.

வாட்ச்டாக் (இணைப்பைக் கண்காணிக்கும் கோட்) எழுதும்போது ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக ஒரு பைட் உள்ளே வந்த நேரம். 4 நிமிடம் தாண்டினால் பிங் அனுப்பு, 15 விநாடிக்குள் எதுவும் வராவிட்டால் மூடு. பிங்கின் பதிலான பாங்தான் வர வேண்டும் என்றில்லை, எது வந்தாலும் சரி. 15 விநாடி அதிகம் என்று குறைக்காதீர்கள். சிக்னல் மோசமான இடத்தில் 3ஜிக்கு இறங்கிய போனில் ரேடியோ எழுந்திருக்கவே 2 விநாடி ஆகலாம்.

அந்த நேரத்தை சிஸ்டம் நானோடைமில் எடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் சிபியு ஆழ்ந்து தூங்கும்போது அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். போன் 20 நிமிடம் தூங்கி எழுந்தால் '40 விநாடிதான் ஆச்சு' என்று சொல்லும், வாட்ச்டாக்கும் நம்பும். சிஸ்டம்கிளாக்கின் எலாப்ஸ்டுரியல்டைம் தூங்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். ஹேண்ட்லரின் போஸ்ட்டிலேடும் நின்றுபோகும் கடிகாரத்தைத்தான் நம்பி இருக்கிறது, ஸ்கெட்யூல்டு எக்சிக்யூட்டரும் அப்படியே. திரை அணைந்த போனில் 4 நிமிட பிங் 4 நிமிடத்தில் போக வேண்டுமானால் அலார்ம்மேனேஜர் வேண்டும். டோஸ் (ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு) நிலையில் செட்அண்ட்அலவ்வைல்ஐடில் என்ற அலார்ம் கூட ஒரு ஆப்புக்கு 9 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஓடாது. டோஸ் ஆண்ட்ராய்டு 6லிருந்து இருக்கிறது, அசையாமல் கிடக்கும் போனின் நெட்வொர்க்கையே ஆப்புகளுக்கு மூடும். நின்ற வண்டியின் டேஷ்போர்டில் திரை அணைந்து கிடக்கும் போன் அதற்கு வாகான ஆள். சார்ஜில் இருந்தால் டோஸ் வராது, டிரைவர்களிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் அதை நம்பி டிசைன் செய்ய முடியாது.

டிரிப் ஏற்கும் நேரம் முழுக்க ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ், நோட்டிஃபிகேஷனோடு. ஆண்ட்ராய்டு 14ஐக் குறிவைத்து பில்ட் செய்தால் சர்வீஸின் வகையையும் மேனிஃபெஸ்ட்டில் சொல்ல வேண்டும், உங்களுக்கு லொகேஷன் வகை. சாக்கெட்டில் ஒப்புகை 20 விநாடிக்குள் வராத டிரிப்புக்கு எஃப்சிஎம்மின் (கூகுளின் புஷ் மெசேஜ் சேவை) ஹை ப்ரையாரிட்டி மெசேஜ் ஒன்று அனுப்புங்கள். அதில் டிரிப் விவரம் வேண்டாம், 'எழுந்து இணை' என்றால் போதும். இந்த ஒன்றுக்காகவாவது எஃப்சிஎம் வேண்டும்.

வைஃபை மொபைல் மாற்றம் வேறு விஷயம். சாக்கெட் எந்த நெட்வொர்க்கில் பிறந்ததோ அந்த முகவரியோடு கட்டுண்டது, தானாக இடம் மாறாது. வைஃபை முற்றிலும் போனால் ஆண்ட்ராய்டே அந்த சாக்கெட்டுகளைக் கொன்றுவிடும், 'சாஃப்ட்வேர் காஸ்டு கனெக்‌ஷன் அபார்ட்' என்று வரும். அது பிழையல்ல, உடனே மறுஇணைப்புக்குப் போங்கள், பேக்ஆஃப் (ஏறிக்கொண்டே போகும் காத்திருப்பு) தேவையில்லை. மொபைலில் இருக்கும்போது வைஃபை வந்தால்தான் குழப்பம்: பழைய சாக்கெட் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், பிறகு போகும். கனெக்டிவிட்டிமேனேஜரில் டிஃபால்ட் நெட்வொர்க் கால்பேக்கைப் பதிவு செய்யுங்கள், ஏபிஐ 24 முதல் இருக்கிறது. புது நெட்வொர்க் வந்து 2 விநாடி நிலைத்தால், அந்த நெட்வொர்க் ஆப்ஜெக்டின் சாக்கெட்ஃபேக்டரியிலிருந்தே புது சாக்கெட்டைத் திறந்து, லாகின் முடிந்த பிறகு பழையதை மூடுங்கள். டிஎன்எஸ்ஸையும் அதே ஆப்ஜெக்டில் கேளுங்கள்.

கேட்காத ஒன்று. நேரடியாக எஸ்எஸ்எல்சாக்கெட் பயன்படுத்துவதாகத் தெரிகிறது. அது சான்றிதழைச் சரிபார்க்கும், ஆனால் சான்றிதழில் இருக்கும் பெயர் உங்கள் சர்வரின் பெயர்தானா என்று தானாகப் பார்க்காது. வேறு எந்தத் தளத்தின் முறையான சான்றிதழைக் காட்டினாலும் உள்ளே விட்டுவிடும். எஸ்எஸ்எல்பாராமீட்டர்ஸில் எண்ட்பாயிண்ட் ஐடென்டிஃபிகேஷன் அல்காரிதத்தை 'எச்டிடிபிஎஸ்' என்று வையுங்கள், எச்டிடிபியே பேசாவிட்டாலும் அதே பெயர்தான். இதை இன்றைக்கே செய்யுங்கள், ஹார்ட்பீட் நாளைக்கு இருக்கட்டும்.

வண்டி_ஆப் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சான்றிதழ் பெயர்ச் சோதனை உண்மையிலேயே இல்லை, முதலில் அதைச் சேர்த்தாயிற்று. மேப் ரிமூவும் நீங்கள் சொன்னபடியே தப்பாக இருந்தது.

4 நிமிட ஹார்ட்பீட், சர்வரில் 30 விநாடி யூசர் டைம்அவுட், டிரிப் எண்ணும் ஒப்புகையும் போட்ட பிறகு நின்ற வண்டிக்கு டிரிப் வருகிறது. நேட் சோதனையில் ஒரு சிம் 4 நிமிடத்தில் தாங்கியது, 8ல் விழுந்தது. இன்னொன்று 16ஐயும் தாண்டியது.

இரண்டு சந்தேகம். இணைப்பு 'சத்தமில்லாமல் சாவதை' ஆபீஸிலேயே எப்படி உண்டாக்கிப் பார்ப்பது? ஏரோபிளேன் மோடு போட்டால் எக்செப்ஷன் உடனே வந்துவிடுகிறது. அடுத்தது, டெலிவரி முடிந்ததும் வாடிக்கையாளர் கையெழுத்துப் படம் போகும், சுமார் 8 கேபி. ஒரே ஒரு சிம்மில் மட்டும் அது போகவே மாட்டேன் என்கிறது. ஹேண்ட்ஷேக், லாகின், லொகேஷன் எல்லாம் அதே சிம்மில் சரியாகப் போகிறது. படம் போன உடனே எல்லாம் உறைந்து, ஹார்ட்பீட் வெட்டி, மறுபடி இணைந்து, மறுபடி உறைகிறது.

பாக்கெட்_மோப்பம் பதில்:

ஏரோபிளேன் மோடில் இணைப்பு போனது கெர்னலுக்கே தெரியும், அதனால்தான் உடனே சொல்கிறது. தெரியாமல் போக வேண்டும் என்றால், போனை வைஃபையில் இணைத்துவிட்டு ரவுட்டரின் இன்டர்நெட் கேபிளை மட்டும் உருவுங்கள். அதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள், இல்லையென்றால் அது தானாக மாறிக்கொள்ளும். இன்னும் கச்சிதமாக வேண்டுமானால் சர்வரில் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) அந்த ஒரு போனின் முகவரி, போர்ட்டுக்கு ட்ராப் ரூல் போடுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், அது பதில் சொல்லிவிடும். ரூல் இருக்கும்போது எஸ்எஸ் (சாக்கெட் நிலையைக் காட்டும்) கமாண்டை டைமர் விவரத்தோடு ஓட்டினால், அந்த சாக்கெட்டின் சென்ட் க்யூ எண் இறங்காமல் நிற்பதும் மறுஅனுப்பும் எண்ணிக்கை ஏறுவதும் கண்ணெதிரே தெரியும்.

கையெழுத்துப் படம்: சின்னது போகிறது, பெரியது உறைகிறது, ஒரே நெட்வொர்க்கில் மட்டும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) தான் முதல் சந்தேகம். போன் 1500 வரை அனுப்பலாம் என்று நினைக்கிறது, வழியில் எங்கோ அவ்வளவு நுழையவில்லை. மொபைல் நெட்வொர்க்கின் உள்ளே உங்கள் பாக்கெட் இன்னொரு டனலுக்குள் போகிறது. ஜிடிபி (டனல் புரோட்டோகால்), யுடிபி, வெளி ஐபிவி4 தலைப்புகள் சேர்ந்து 36 பைட் கூடுதல். பெரிய பாக்கெட் நுழையாத இடத்தில் 'சிறியதாக அனுப்பு' என்ற ஐசிஎம்பி செய்தி திரும்பி வர வேண்டும். நடுவில் யாரோ ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் அதுவும் வராது. போன் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும்.

உறுதி செய்ய, படம் போகும் நேரத்தில் சர்வரில் டிசிபிடம்ப் பாருங்கள். பெரிய துண்டுகள் ஒன்றும் வந்திருக்காது, கடைசிச் சிறு துண்டு மட்டும் வந்திருக்கும். சர்வர் அனுப்பும் ஒப்புகைகளில் நடுவே ஓட்டை இருப்பது சாக் (எந்தத் துண்டுகள் வந்தன என்று சொல்லும்) பகுதியில் தெரியும். சிக்னல் மோசம் என்றால் இவ்வளவு ஒழுங்காகப் பெரியது மட்டும் தொலையாது.

போனின் எம்டியூவை ஆப் மாற்ற முடியாது. ஆனால் போன் எவ்வளவு பெரிய துண்டு அனுப்பலாம் என்பதை ஹேண்ட்ஷேக்கில் சர்வர் சொல்கிறது, அதுதான் எம்எஸ்எஸ். சர்வரில் அதைக் குறைத்துச் சொல்லுங்கள். ஐபிவி6ல் எந்த லிங்கும் 1280ஐத் தாங்க வேண்டும். அதில் 40 பைட் ஐபி தலைப்பு, 20 பைட் டிசிபி தலைப்பு போனால் 1220. ஐபிடேபிள்ஸில் மாங்கிள் டேபிளின் அவுட்புட் செயினில், உங்கள் போர்ட்டிலிருந்து கிளம்பும் சின்-ஏசிகே (ஹேண்ட்ஷேக் பதில்) பாக்கெட்டுகளுக்கு டிசிபிஎம்எஸ்எஸ் டார்கெட், மதிப்பு 1220. ஒவ்வொரு பாக்கெட்டும் கொஞ்சம் சிறுக்கும், 8 கேபி படத்துக்கு 6 துண்டு 7 ஆகும், அவ்வளவுதான். சர்வரிலிருந்து போனுக்குப் போகும் திசைக்கு சிஸ்கண்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகள்) டிசிபி எம்டியூ ப்ரோபிங்கை 1 ஆக்குங்கள். கெர்னலே ஓட்டையைக் கண்டுபிடித்து சிறியதாக்கிக்கொள்ளும்.

வண்டி_ஆப் எழுதியது:

டிசிபிடம்ப்பில் நீங்கள் சொன்ன அதே படம், கடைசித் துண்டு மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரூல் போட்டேன். வைஃபையில் இணைத்துப் பார்த்தால் எம்எஸ்எஸ் 1220 என்று சரியாகப் போகிறது. அந்த சிம்மில் மட்டும் இன்னும் உறைகிறது.

சர்வர்_பக்கம் பதில்:

அந்த சிம் ஐபிவி6ல் வருகிறதா பாருங்கள். டிஎன்எஸ்ஸில் இரண்டும் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள், ஆபீஸ் வைஃபை பெரும்பாலும் ஐபிவி4ஆக இருக்கும். ஐபிடேபிள்ஸ் ரூல் ஐபிவி4ஐ மட்டும்தான் தொடும். ஐபி6டேபிள்ஸில் அதே ரூலைத் தனியாகப் போட வேண்டும். அங்கே இருக்கும்போதே, ஐசிஎம்பிவி6ஐ அடைக்கும் ரூல் ஏதாவது உங்கள் சர்வரிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 'பாக்கெட் டூ பிக்' செய்தி உள்ளே வராவிட்டால் சர்வரிலிருந்து போகும் திசையும் இதே மாதிரி உறையும்.

வண்டி_ஆப் எழுதியது:

ஐபிவி6தான். ரூலை அங்கேயும் போட்டதும் படம் 1 விநாடிக்குள் போய்விட்டது. ஐசிஎம்பிவி6ன் 'பாக்கெட் டூ பிக்' ட்ராப்பில் இருந்தது, யாரோ பழைய ஐபிவி4 ஸ்கிரிப்ட்டைப் பார்த்து எழுதியது. அதையும் எடுத்தாயிற்று.

சர்வர்_பக்கம் பதில்:

ரூல்களை ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கும்படி சேமித்தீர்களா? 4க்கும் 6க்கும் தனித்தனி ஃபைல்.